அந்த நாரை ஏன் நகரவில்லை?

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதம். ஆறுமுகநேரிப் பக்கம் உள்ள உப்பளம் ஒன்றில், தண்ணீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கடல் தண்ணீரைத் தேக்கிவைக்கும் தெப்பத்துக்குக் காலையில் போனபோது, தென்மூலையில் ஒற்றை நாரை நின்றது. அதுவரை அந்த மூலையில் ஒரு பறவையும் இறங்கி நான் பார்த்ததில்லை. வலசை வந்த கூட்டம் ஒன்று மேலே இரண்டு சுற்று சுற்றியது. கீழே தன் இனம் நிற்பதைக் கண்டதும் வரிசையாக இறங்கியது.

மறுநாளும் அப்படியே. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதோடு விட்டேனா? உப்புக் கூடை சுமந்து வரப்பில் போகும் பெண்களை மறித்து, இரைந்து பேசாமல் சுற்றிப் போகச் சொன்னேன். பறவை மிரண்டுவிடுமாம்!

நான்காம் நாள் ஓர் அக்கா தலைச்சுமையோடு நின்று, "ஒரே எடத்துலயே நிக்கி. அதுக்கு என்ன கேடோ, என்னன்னு பாக்கக் கூடாதா?" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள், டிகிரி பார்க்கும் கருவியை மறந்து வைத்துவிட்டு, அதை எடுக்க மதியம் திரும்பிப் போனேன். முழங்கால் தண்ணீரில் ஒருவன் அந்த நாரைக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தான். நம்மைப் போல இன்னொரு பறவைப் பிரியன் என்று சந்தோஷமாக இறங்கினேன். கிட்டே போனதும்தான் தெரிந்தது. நாரையின் கால் தூண்டில் நரம்பால் முளையில் கட்டப்பட்டிருந்தது. கண் இமைகள் இரண்டையும் நூலால் தைத்திருந்தான். சுற்றிலும் தண்ணீருக்கு அடியில் கண்ணிகள்.

பாவி ஓடக்கூட இல்லை. "ஒண்ணு நின்னா போதும் அண்ணாச்சி, பயமில்லன்னு நெனச்சி மத்ததெல்லாம் தன்னால எறங்கிரும். காலைல நீங்க பாத்துட்டுப் போன பொறவுதான் கண்ணி வைப்பேன்" என்று தொழில் ரகசியம் சொன்னான். பிறகு சிரித்தபடி, "நீங்கதான ஆளுவள இந்தப் பக்கம் விடாம பாத்துக்கிட்டிய. ஒங்க புண்ணியத்துல நல்ல வேட்ட" என்றான்.

சட்டையைப் பிடித்தேன். உதறித் தள்ளிவிட்டு, கரையில் கிடந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு வண்டியில் பறந்துவிட்டான். சாக்குக்குள் என்னவோ துடித்தது.

கால் கட்டை அறுத்து நாரையைத் தூக்கியபோது, தலைக்கு மேல் அடுத்த கூட்டம். என் கையில் இருந்ததைப் பார்த்துத் தாழ்ந்து வந்தது. கண்ணிகள் அப்படியே கிடந்தன. யாரும் இரைந்து பேசக்கூடாது என்று நான்கு நாள் அதட்டிய நானே, தொண்டை கிழியக் கத்தி, சேற்றை அள்ளி எறிந்து அவற்றை விரட்டினேன்.

கால்நடை மருத்துவர் தையலைப் பிரித்தார். ஒரு கண்தான் தேறியது.

ஊசி பிடித்த அவன் மேலும், நாரைக் கறி ருசி என்று வாங்கித் தின்றவர்கள் மேலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதைவிட, நான்கு நாள் கண்ணிக்குக் காவல் நின்ற என் மேல்தான் ஆத்திரம். இப்போதும் தை பிறந்தால் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன. நான் போனை எடுப்பதில்லை. முதலில் வந்து நிற்கிறதே ஒன்று, அதன் காலைத்தான் பார்க்கிறேன்.