என் பேச்சைக் கேட்கும் டாக்டரைத் தந்தார்

சகோதரிகளே, சாட்சி சொல்ல நான் எழுந்ததுமே சிலர் முகத்தைச் சுளித்தீர்கள். பரவாயில்லை, சுளித்தபடியே கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் என் நான்கு வயது மகள் ரூத்துக்குக் காய்ச்சல் கண்டது. கழுத்து வீங்கியது. குரல் கம்மிவிட்டது. ஊட்டிய கஞ்சி மூக்கு வழியாக வந்தது. தேக்கா சந்தைப் பக்கம் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சளி என்றார்.

"தொண்டையைக் கொஞ்சம் பாருங்கய்யா."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

கசப்புத் தண்ணீர் ஒரு புட்டி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அன்று மாலை நீங்கள் எல்லோரும் வந்து பிள்ளையின் நெற்றியில் எண்ணெய் பூசி ஜெபித்தீர்கள். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் விடிந்தபோது அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் வேலைக்குப் போய்விட்டார். நான் பிள்ளையைத் தூக்கியதும் இவருடைய அக்கா வாசலை மறித்தார்.

"எண்ணெய் பூசி ஜெபிச்சாச்சு. இனிமே டாக்டர் வீட்டு வாசலை மிதிச்சா அது அவிசுவாசம்!"

"மதினி, நான் நல்ல டாக்டரைக் காட்டும்னுதான் ஜெபிச்சேன். அவரைத் தேடித்தான் போறேன். வழிய விடுங்க."

யாரிடம் போவது என்று தெரியாது. ஜாலான் புசார் பக்கம் டாக்டர்கள் உண்டு என்று கேள்விப்பட்டு ரிக்‌ஷாவில் ஏறினேன். பாதி வழியில் முழங்கால் வரை வெள்ளம். வண்டி நகரவில்லை. "ஆண்டவரே, நடுத்தண்ணீரில் நிறுத்தவா கூட்டி வந்தீர்? என் பேச்சைக் கேட்கிற ஒரு டாக்டர்கூடவா உம்மிடம் இல்லை?" என்று வாய்விட்டே சண்டை போட்டேன்.

தண்ணீரில் இறங்கி, கடைகளுக்கு முன்னால் இருந்த அஞ்சடி நடைபாதையில் ஏறினேன். திறந்திருந்த ஒரு கதவுக்குள் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தரையில் மண்டியிட்டு, ஒரு சீனக் குழந்தையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் தாயிடம் மலாயில் ஏதோ விசாரித்தார். அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். இவர்தான் என்று என் உள்ளம் சொன்னது.

என்னைக் கண்டதும், "அம்மா, பிள்ளைக்கு எப்ப இருந்து இப்பிடி? நீங்கள் சொல்லுங்கோ" என்றார். சொன்னேன். ஒன்றுவிடாமல் கேட்டார். பிள்ளையை வெளிச்சத்தில் என் மடியில் உட்காரவைத்து, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்திப் பார்த்தார். தொண்டையில் வெள்ளையாகத் தோல் படர்ந்திருந்தது.

"தொண்டை அடைப்பான். இப்பவே ஊசி போடவேணும். நல்ல நேரத்திலை கொண்டு வந்தீங்கள்."

அங்கேயே அழுதுவிட்டேன். ஊசி போட்டார். பிள்ளை பிழைத்தாள்.

அன்று அந்த வெள்ளம் வந்திருக்காவிட்டால் அந்தக் கதவைத் தாண்டிப் போயிருப்பேன். இது ஜெபத்துக்குப் பதில் இல்லையென்றால் வேறு எது பதில்? இப்போது மதினியே தன் பேரனை அவரிடம்தான் தூக்கிப் போகிறார்.

தாய்மார்களே, முழங்காலில் நின்று கேளுங்கள். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடங்கள். யார் மறித்தாலும் நடங்கள். என் பேச்சில் நம்பிக்கை இல்லையா? சற்றுமுன் முன்வரிசையில் நின்று தொண்டை கிழியப் பாடினாளே ஒருத்தி, அவள்தான் ரூத்.