உப்புப் போட்ட ஐஸ்

பயம் பிடித்தால் எனக்கு வாய் ஓயாது. எங்கள் ஊர் பேசாலையில் கொழும்பு பஸ்ஸுக்கு நின்றபோது அப்பாவிடம் திரும்பத் திரும்ப ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தேன்: பெட்டியைச் சாய்க்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. மீன் அனுப்பும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ், அதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஓலைத்தொடுவாய்க் கரையில் விடியக் காலையில் வெட்டிய கண்டல் மரத்து இலைத் துண்டுகள் அவற்றில் மருந்தில் ஊறிக் கிடந்தன.

அந்த இலையின் கலங்களுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றின் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எனக்கு ஒரேயொரு நாள் தந்திருந்தார்கள். குப்பிகள் குளிராக இருக்கவேண்டும், ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் கலத்துக்குள் இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டிபட்டு எல்லாவற்றையும் கிழித்துவிடும். இதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை. காலமெல்லாம் கடலுக்குப் போன மனிதருக்கு ஐஸைப் பற்றி நான் என்னத்தைச் சொல்வது?

பஸ் புறப்படும்போது அப்பா யன்னலுக்குக் கிட்ட வந்தார்.

"உப்பும் போட்டுத்தான் கட்டினனான் மகள். கொழும்பு போகுமட்டும் உருகாது."

பெட்டியை மடிக்கு இழுத்தேன். மீனுக்கு அப்படித்தான் செய்வார்கள். உப்புச் சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் கடுமையாகும், குப்பிக்குள் இருப்பதும் உறைந்துவிடும். மன்னார்ப் பாலம் தாண்டுமுன்பே மூடியைத் திறந்து, குப்பிகளை ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். சில குலுங்கின, சில குலுங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண் செபமாலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எது குலுங்கியது, எது குலுங்கவில்லை என்பதே எனக்குக் குழம்பிப்போயிற்று.

கண்ணால் பார்த்து எதுவும் தெரியாது. கொழும்பில் துண்டுகளைப் பிசினில் இறுக்கியபோதும், வெளிநாட்டில் மெல்லிய சீவல்களாகச் சீவியபோதும் பெட்டி நினைவுதான். சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நாள் வந்தது. திரையில் இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிகள் இருக்கவேண்டிய இடமெல்லாம் ஓட்டை, நண்டு வெட்டிய வலைபோல. அடுத்த சீவல், அதற்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். அங்கேயே அழுதுவிட்டேன். இன்னொரு நாள் கேட்டுப் பார்ப்பதாக என் பேராசிரியர் சொன்னார். கிடைத்தால் திரும்பவும் ஊருக்குப் போய் இலை வெட்டவேண்டும்.

அப்பாவோடு தொலைபேசியில் கதைத்தேன். இன்னுமொருக்கா வரவேண்டி வரலாம் என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஐஸ் நிண்டதோ மகள்?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம் அப்பா. கடைசிமட்டும் உருகேல்ல."

அவருக்குச் சந்தோசம், குரலிலேயே தெரிந்தது.

"வாங்கோ மகள். அடுத்தமுறை உப்பு இன்னும் ரெண்டு கை கூடப் போட்டு விடுறன்."