பிள்ளையின் செலவுக்காகப் போட்ட வழக்கு

வரதராஜாவின் மனைவி சந்திரவதனா, சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் டொக்டர் வேலை கிடைத்து மெல்பேர்னை விட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. முதலில் வேலை நிரந்தரமாகட்டும் என்றாள். பிறகு நல்ல வீடு கிடைக்கட்டும் என்றாள். கடைசியில் ஒருநாள் தொலைபேசியில், "என்னாலை இனி உங்களோடை இருக்கேலாது" என்று சொல்லிவிட்டாள். ஏழு வயது மகள் ரஞ்சினி தகப்பனோடு தங்கிப்போனாள்.

வரதராஜா, தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் கீறும் கந்தோரில் வேலை பார்த்தான். விடியப் பிள்ளைக்குத் தலை வாரி இழுத்து, பாணுக்கு ஜாம் பூசிக் கட்டிக் கொடுத்துவிட்டு ட்ராமுக்கு ஓடுவான். பின்னேரங்களில் பக்கத்து வீட்டு இத்தாலிக்காரி ரஞ்சினியைப் பார்த்துக்கொண்டாள். 1977ஆம் ஆண்டு அந்த இத்தாலிக்காரி தன் மகனோடு போய் இருக்க வேறிடம் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிவர, வேலை முடியும் முன்பே அவன் கிளம்ப வேண்டி வந்தது. சில தடவை பொறுத்த மேலதிகாரி, இப்படியே போனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்றார். பிள்ளை பார்க்கச் சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம்தான். ஆனால் வீட்டு வாடகையும் கொடுத்து அதையும் சமாளிக்க அவன் சம்பளம் போதவில்லை.

இலவச சட்ட உதவி கொடுக்கும் இடத்தில் ஒரு பெண் வக்கீல் வழிகளைச் சொன்னாள். இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரலாம். சரிவராவிட்டால் குடும்பக் கோர்ட்டில் பிள்ளையின் செலவுக்குக் கேட்டு வழக்குப் போடலாம். புதுச் சட்டப்படி தகப்பனும் தாயிடம் கேட்கலாம். தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவி தகப்பன்மாருக்கும் வரப்போகிறது, ஆனால் முழுநேரம் உழைப்பவனுக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

வரதராஜா முதலில் பேசிப் பார்த்தான். சந்திரவதனா இரண்டு தடவையும் "பாப்பம்" என்று தொலைபேசியை வைத்தாள். அவன் வழக்குப் போட்டான்.

கேள்விப்பட்டு அரியரத்தினம் வந்தார். வரதராஜாவை இந்த நாட்டுக்கு வரச் சொன்னவரே அவர்தான்.

"என்ன விசர் வேலை இது? பெண்சாதியிட்டைக் காசு கேட்டு ஆரும் கோட்டுக்குப் போவினமோ? சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அண்ணை. சிரிக்கிற ஆக்கள் ஆராவது பின்னேரம் பள்ளிக்கூட வாசலிலை வந்து நிப்பினமோ?"

அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

வழக்கு நாளன்று கோர்ட்டு விறாந்தையில் ஒரே வாங்கில்தான் இருவருக்கும் இடம் கிடைத்தது. சந்திரவதனா மெலிந்திருந்தாள்.

"பிள்ளை எப்பிடி?"

"முன்பல்லு ரெண்டும் விழுந்திட்டுது."

அவள் கைப்பையைத் திறந்து மூடினாள். பிறகு, "என்னை அவமானப்படுத்தத்தானே இஞ்சை இழுத்தனீங்கள்?" என்றாள்.

முன்பென்றால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். "அதுக்கெல்லாம் எனக்கு இப்ப தெம்பில்லை. பிள்ளையைப் பாக்க ஆள் வைக்க வேணும். நீர் பாப்பம் எண்டீர். நானும் பாத்துப் பாத்து இருந்தன்."

அவள் அவனுடைய தேய்ந்த சப்பாத்துகளைப் பார்த்தாள். எழுந்து தன் வக்கீலிடம் போனாள். நீதிபதி கூப்பிடுமுன்பே, பிள்ளையின் செலவுக்கு அவள் மாதாமாதம் காசு அனுப்புவதென்று இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். அவர் அதையே உத்தரவாக்கினார்.

வெளியே வந்ததும், "நான் பிள்ளையைப் பாக்கலாமோ?" என்று கேட்டாள்.

"மூண்டரைக்குப் பள்ளிக்கூடம் விடும். நீரே போய்க் கூட்டிக்கொண்டு வாரும். நான் போய்க் கொஞ்சம் படுக்கப்போறன்."

அன்று வரதராஜா உடுப்பும் மாற்றாமல் படுத்து, இருட்டும் வரை தூங்கினான். எழும்பியபோது குசினியில் தாயும் மகளும் முட்டை பொரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சந்திரவதனா சிட்னிக்குப் போய்விட்டாள்.

பின்னேரங்களில் பிள்ளையைப் பார்க்க ஒரு கிரேக்கப் பெண் கிடைத்தாள். வேலையும் நிலைத்தது. சிட்னியிலிருந்து காசு வந்தது. சில மாதங்களில் பிந்தும், அவன் தொலைபேசியில் கேட்பான், அவள் அனுப்புவாள். ரஞ்சினி பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை அது நிற்கவில்லை. அவர்கள் மறுபடி சேர்ந்து வாழவுமில்லை. அரியரத்தினம் அந்த வீட்டுப் பக்கம் வர இரண்டு வருடமாயிற்று. வந்தபோது வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரதராஜா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான், இந்தமுறை அவர் முழுதையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினார்.