மீன் டப்பாவின் ஐஸ்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது திருப்பதியில் ஆராய்ச்சி மாணவி. டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும் மனிதப் புரதம் ஒன்று எங்கள் ஆய்வகத்தில் தீர்ந்துவிட, சித்தூர் கல்லூரி ஒன்றில் மீதமிருந்த ஒரே குப்பியைக் கேட்டு வாங்கினேன். சூடானால் வீணாகிவிடும். தெர்மகோல் பெட்டியில் ஐஸ் போட்டு, மடியில் அணைத்தபடி பஸ் ஏறினேன்.

புத்தலப்பட்டு தாண்டியதும் பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சித்திரை வெயில். பெட்டியைத் திறந்தால் ஐஸ் எல்லாம் தண்ணீர்; அதன் சில்லிப்பும் குறைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் மீன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த அக்கா எட்டிப் பார்த்தார். "இன்னாமா அது, மருந்தா?"

"இல்லக்கா, மனுஷப் புரதம்."

"மனுசனுதா!" அக்கா போட்ட சத்தத்தில் முன்சீட்டுக்காரர் எழுந்தே போய்விட்டார்.

"ஐயோ, யாரையும் அறுக்கலக்கா! நம்ம உடம்புல இருக்கறது மாதிரியே பாக்டீரியாவுல வளத்தது. கெட்டுப்போனா மாசக்கணக்கா செஞ்ச வேலை போச்சு." குரல் உடைந்துவிட்டது.

"ஒண்ணும் புரியல. அதுக்கு இன்னாத்துக்கு அழுதுக்கினு கீற?" என்றவர், மீன் மேலிருந்த ஐஸை இரு கையாலும் அள்ளி என் பெட்டியில் கொட்டினார்.

"உங்க மீன் கெட்டுப்போயிடாதாக்கா?"

"மீன் கொஞ்சம் நாறுனா புளிய அதிகமா ஊத்திக்குவாங்க. உன்னுதுக்கு இன்னா ஊத்துவ?"

மறுநாள் சோதனையில் அந்தப் புரதம் டிஎன்ஏவைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

ஆனால் முந்தின நாள் மாற்று பஸ் வந்தபோது பெட்டியோடு முண்டியடித்து ஏறிய நான், ஐஸ் இல்லாத மீனோடு நின்ற அவருக்கு இடம் கிடைத்ததா என்று திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியில் இன்னும் மீன் வாடை அடிக்கிறது. அதைக் கழுவ எனக்கு மனம் வரவில்லை.