கோட்டை வாசலில் நின்ற ராஜகுமாரன்

"...மொதல்ல மாட்டேன்னுதான் சொல்லுவான். எந்த ராஜகுமாரனும் கூப்புட்ட ஒடனே கெளம்பினதா சரித்திரமே இல்ல. அப்புறம் வழியில ஒரு கெழவன் வந்து ஒரு சாமான் குடுப்பான். அப்புறம் கோட்டை வாசல்ல ஒரு பூதம். நீ படி புள்ள, நான் சொன்னது தப்புன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்" என்று சொல்லிக்கொண்டே மாமா ஒரு புளியை உரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மாமா அம்மாவின் தம்பி. குந்தாரப்பள்ளிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்துவந்தார். அது ஐம்பதுகளின் நடுவில். இன்றைக்குக் கம்பெனிகள் நிற்கிற மூக்கண்டப்பள்ளிப் பக்கம் அன்று எங்கள் புளியமரங்கள் நின்றன. புளி தட்டும் மாதத்தில் நாலைந்து பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வம்பு பேசினால் கை நின்றுவிடுகிறது, கதை கேட்டால் கை ஓடுகிறது என்று கண்டுபிடித்தவள் அம்மா. அதனால் அப்பாவின் தங்கை, என் அத்தை, கதைப் புத்தகம் படிப்பாள். ஏழு கடல் தாண்டிப் பேசும் கிளியைத் தேடிப் போகிற ராஜகுமாரன் கதை. தலையணை தண்டிப் புத்தகம்.

மாமா அதில் ஒரு பக்கமும் படித்ததில்லை. ஆனால் எல்லாக் கதையும் சந்தைக்குப் போய் வருகிற மாதிரிதான் என்பது அவர் கட்சி. கிளம்ப மனசு வராது, யாராவது பிடித்துத் தள்ள வேண்டும். வழியில் ஒரு பெரியவர் யோசனை சொல்வார். சந்தை வாசலில் சுங்கக்காரன் மறிப்பான். உள்ளே அடிபிடி. திரும்பும்போது கையில் ஒரு கயிறு, கயிற்று முனையில் ஒரு மாடு.

"ராஜகுமாரனுக்கு மாட்டுக்குப் பதிலா ராஜகுமாரி. அவ்ளோதான் வித்தியாசம்."

"அப்போ நாங்கல்லாம் மாடா?" என்றாள் அத்தை.

ஆனாலும் மாமா சொன்னபடியேதான் கதை போனது. மாட்டேன் என்றான், கிழவன் வந்தான், பூதமும் வந்தது. ராஜகுமாரன் கோட்டை வாசலில் நிற்கிறான், பூதம் ஒற்றைக் கண்ணைத் திறக்கிறது. அதோடு புத்தகம் தீர்ந்தது. மிச்சத்தை எங்கள் வெள்ளாடு தின்றிருந்தது.

நான் அழுதேவிட்டேன். மீதியை மாமாவே சொல்லட்டும் என்று அடம்பிடித்தேன்.

"பூதம் பாக்கத்தான் பெருசு. நேராப் போயி நின்னு கேட்டா வழி விட்டுரும்" என்றார் மாமா.

அத்தை புத்தகத்தை மூடினாள். "அப்படின்னா உங்காளு ஏன் இன்னும் வெளியவே நிக்கிறாரு?"

"நேரம் பாக்குறான்."

"நல்லாப் பாக்கட்டும். வெள்ளிக்கெழம தர்மபுரியில இருந்து வேற ராஜகுமாரன் வர்றாராம்."

வெள்ளிக்கிழமை அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். எனக்கு அது கேசரி விஷயம். மாட்டுத் தரகனுக்கு வீட்டுப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று அப்பா ஒருமுறை பொதுவாகச் சொன்னதும் காதில் விழுந்திருந்தது. இரண்டையும் முடிச்சுப் போடும் வயதில்லை.

"புத்தகத்துல தர்மபுரியே வரலியே அத்தை" என்றேன்.

பெண்கள் புளியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். தமிழ் அரைகுறையாகவே தெரிந்த பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா மட்டும், "ஆமேலே? அப்பறம்?" என்று மாமாவையே பார்த்தார்.

"மீசைய எடுக்க வேண்டியதுதான் போல தம்பி" என்றாள் அம்மா.

மாமா எழுந்தார். வேட்டியில் ஒட்டிய புளி ஓட்டைத் தட்டிவிட்டுக் கிணற்றடிப் பக்கம் நடந்தார். அங்கே அப்பா மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலையின் தோலைத் தைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையில் இருக்கும்போது எங்கள் நாய்கூட அவரிடம் போகாது. கதையைப் பாதியில் விட்டுப் போகிறாரே என்று எனக்கு ஆத்திரம். பூதம் வழி விட்டுச்சா இல்லியா என்று பின்னாலிருந்து கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். அவள் அவ்வளவு அவசரமாகப் பொத்தியதைச் சொல்லிப் பிற்பாடு அவளுக்கும் மாமாவுக்கும் பிறந்த பிள்ளைகளோடு சேர்ந்து நான் சிரித்ததுண்டு. அன்று, பொத்திய விரல்களின் இடுக்கு வழியாக, எரிச்சலோடு பார்த்தேன். மாமா அப்பாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தோலின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தார்.