மஞ்சள் துணி கட்டிய வெள்ளைக் கோழி

எனக்கு மன்னிக்கத் தெரியாது. வயது ஏற ஏற மனசு இளகும் என்கிறார்கள், எனக்கு இளகவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், பம்பாய் தாராவியில், ஒரு வெள்ளைக் கோழி மேல் வந்த ஆத்திரம் இன்னும் அப்படியே இருக்கிறது. அந்தக் கோழியும் இல்லை, அதை வளர்த்தவளும் இல்லை, நாங்கள் இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. ஆத்திரம் மட்டும் இருக்கிறது.

அப்போது நாங்கள் ஒட்டினாற்போல இரண்டு கோலிகளில் குடியிருந்தோம். கோலி என்றால் ஒரே அறை. அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை. ஒன்றில் என் வீட்டுக்காரரின் அண்ணனும் அவர் மனைவியான என் ஓர்ப்படியாளும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இன்னொன்றில் நாங்கள் இருவரும், எங்கள் மூன்று வயது மகளும். அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தோல் பட்டறையில் வேலை. பின்னால் தகரம் அடித்து மறைத்த ஒரு முற்றம் உண்டு. அது எங்கள் இரண்டு வீட்டுக்கும், அடுத்த கோலியில் இருந்த ஒரு முஸ்லிம் அம்மாளுக்கும் பொது. அவர்களும் திருநெல்வேலிப் பக்கம்தான்.

அந்த முற்றத்தில் எட்டுக் கோழிகள் மேய்ந்தன. ஐந்து என் ஓர்ப்படியாளுடையவை. இரண்டு அந்த அம்மாளுடையவை. ஒன்றே ஒன்று என்னுடையது.

அந்த ஒன்றை நான் வாங்கியதே மகளுக்காகத்தான். அந்த மழைக்காலத்தில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பக் கொண்டுவந்தபோது இடுப்பில் அரைஞாண் கயிறு நிற்கவில்லை, வழுக்கி விழுந்தது. தினம் ஒரு முட்டை கொடு, இல்லாவிட்டால் மறுபடி படுத்துவிடுவாள் என்றார் டாக்டர். ஓர்ப்படியாளிடம் கேட்டால் முட்டை கொடுப்பாள். கொடுத்ததை எட்டு வீட்டுக்குச் சொல்லுவாள். முதல் வாரம் ஒன்று வாங்கினேன். மறுநாள் குழாயடியில் நின்ற பெண்கள் எல்லாம் ‘முட்டை சாப்பிட்டாளா பிள்ளை?’ என்று என்னைக் கேட்டார்கள். அதோடு சரி. கோவண்டியிலிருந்து கூடையில் கோழி கொண்டுவந்து விற்பவரிடம் வெந்தய நிறத்தில் ஒரு இளம் பெட்டையை வாங்கினேன். வந்த மூன்றாம் நாளே முட்டையிட்டது. என் மகள் அந்தச் சூடான முட்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

புதுக் கோழி வந்தால் பழைய கோழிகள் கொத்தும். அது எங்கும் உள்ளதுதான். நாலு நாள் கொத்தி, யார் பெரியவள் யார் சின்னவள் என்று முடிவு கட்டிக்கொண்டு அடங்கிவிடும். ஆனால் அந்த முற்றத்தில் ஒரு ராணி இருந்தாள். என் ஓர்ப்படியாளின் வெள்ளைப் பெட்டை. நல்ல எடை, தடித்த கொண்டை, நடையில் அவ்வளவு திமிர். அது தின்று முடித்த பிறகுதான் மற்றவை வாய் வைக்கும். என் கோழி குருணைப் பக்கம் தலையை நீட்டினாலே கழுத்தில் ஒரு கொத்து. தண்ணீர்ச் சட்டிக்குப் போனால் ஒரு கொத்து. நான் விளக்குமாற்றை எடுத்தால் ஓர்ப்படியாள் கோலிக்குள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

“ஏட்டி, அது நேந்த கோழி. கை ஓங்காத.”

உண்மைதான். அதன் காலில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. ஊரில் அம்மன் கோயில் கொடைவிழாவுக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுப்பதாக நேர்ந்துவிட்டிருந்தாள். நான் மகளோடு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியபோதே அந்தத் துணி அதன் காலில் இருந்தது. நேர்ந்துவிட்ட உயிரை அடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது, விற்கக் கூடாது. கொத்துகிற கோழியை நாலு நாள் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்துப் போட்டால் அதன் கொழுப்பு தானே இறங்கும். வெளியே விடும்போது அது புதுக்கோழியாகிவிடும். எல்லோரும் செய்கிற வைத்தியம் அதுதான். அதையும் செய்ய முடியாது. அடைக்கக் கூடாதே. ஆகவே இரை போடும்போதெல்லாம் என் கோழியைத்தான் பஞ்சாரத்துக்குள் வைத்தேன். தப்புச் செய்தவள் வெளியே, அடிபட்டவள் உள்ளே. ஓர்ப்படியாளுக்கு முன்னால் என் கதையும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு இன்னும் எரிந்தது.

“கோழி மிதிச்சு குஞ்சு சாவாது” என்பாள் ஓர்ப்படியாள், நான் முறையிட்டால். தாய்க்கோழிக்குச் சொன்ன பழமொழியை இந்தச் சண்டைக்காரிக்குச் சொன்னால் என்ன அர்த்தம்?

இதற்கிடையில் எதிர் வரிசைக் கோழி ஒன்று, அதே வெந்தய நிறம், எங்கள் முற்றத்துக்குள் வந்துபோக ஆரம்பித்தது. எது யாருடையது என்று வாய்த்தகராறு வந்தது. சாயம் பூசி அடையாளம் வைத்துக்கொள் என்று யோசனை சொன்னவள் ஓர்ப்படியாள்.

“செவப்பு பூசு. தூரத்துல நின்னாலே தெரியும்லா. ஒன் வீட்டுக்காரர் கையில இல்லாத சாயமா?”

பட்டறையில் அப்போது பர்ஸ் செய்கிற ஆட்டுத்தோலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரின் நகக்கண்கள் எல்லாம் சிவப்பு. ஒரு பொட்டலம் சாயப்பொடி கொண்டுவரச் சொல்லி, சிரட்டையில் கரைத்து, என் கையாலேயே என் கோழியின் பிடரியில் பட்டையாகப் பூசினேன். அழகாகத்தான் இருந்தது. மகள் கைதட்டினாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் அதன் பிடரியில் ஒரு இறகுகூட இல்லை. வெள்ளை மட்டும் இல்லை, எட்டில் ஏழும் சேர்ந்துகொண்டன. அதுவரை ஒதுங்கி நின்ற சாதுக்கள்கூட வந்து ஆளுக்கொரு கொத்து கொத்திவிட்டுப் போயின. தோல் கிழிந்து சதை தெரிந்தது. வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துப் போட்டேன். அது கண்ணை மூடிக்கொண்டு என் மடியில் நடுங்கியது. அன்றோடு முட்டை நின்றது.

அடுத்த கோலி அம்மாள்தான் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். “ஏளா, செவப்பயா பூசின? செவப்ப பாத்தா கோழிக்கு ரத்தம்னு தோணும். ஒண்ணு கொத்துனா எல்லாம் கொத்தும். கோழி வளக்குத பொம்பளைக்கு இது தெரியாதா?”

எனக்குத் தெரியாது. நான் கோழி வளர்த்தவள் இல்லை. ஆனால் என் ஓர்ப்படியாள் பிறந்ததிலிருந்து கோழி வளர்த்தவள்.

நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மழுப்புவாள். மகளுக்கு முட்டை இல்லாமல் பத்து நாள் போனது. பதினோராம் நாள் அவள் வாசல்படி ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். மிச்சச் சாயப்பொடி அரிசிப்பானைக்குப் பின்னால் பொட்டலமாக இருந்தது.

ஓர்ப்படியாள் வடாலாவில் ஒரு சொந்தக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குப் போன நாளாகப் பார்த்துக்கொண்டேன். ஆண்கள் பட்டறையில். அடுத்த கோலி அம்மாள் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறார்கள். மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். சாயத்தைக் கெட்டியாகக் கரைத்தேன். வெள்ளையைப் பிடிக்கக் கஷ்டமே இல்லை. தன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று அதற்கு அவ்வளவு நம்பிக்கை, தானாகவே வந்து காலடியில் நின்றது. பிடரி, முதுகு, வாலடி என்று மூன்று இடத்தில் துணியால் ஒற்றினேன். அந்த வேண்டுதல் பிள்ளை வரத்துக்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன். பிள்ளை இல்லாதவள் வேறு எதற்கு நேர்வாள்? அது தெரிந்தும்தான் பூசினேன். இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடிக்கவில்லை, அடைக்கவில்லை, விற்கவில்லை. நேர்ச்சை எதுவும் கெடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பஞ்சாரத்தைத் தூக்கி என் கோழியையும் வெளியே விட்டேன்.

முதல் கொத்து யாருடையது தெரியுமா? என்னுடையதுதான். பத்து நாளாகப் பஞ்சாரத்துக்குள் முடங்கிக் கிடந்த மொட்டைப் பிடரி. ஓடிப்போய் வெள்ளையின் முதுகில் ஏறிக் கொத்தியது. பிறகு மற்றவை. வெள்ளைக்கு முதலில் என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. திரும்பித் திரும்பிப் பார்த்தது. நான் படியில் உட்கார்ந்து டீ குடித்தேன். என் வயிறு அப்படிக் குளிர்ந்தது. எழுந்து விலக்கியிருக்கலாம். விலக்கவில்லை. டீ தீரும் வரை பார்த்தேன்.

சாயங்காலம் ஓர்ப்படியாள் கை நிறையப் புது வளையல்களோடு வந்தாள். முற்றத்து மூலையில் வெள்ளை தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கொண்டை கிழிந்திருந்தது. முதுகில் இறகு இல்லை. இடது கண் போய்விட்டது. அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தன் விரலில் ஒட்டிய சாயத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இது யாருட்டி பூசினது?”

“நாந்தான்.”

“செவப்ப கண்டா மத்தது கொத்தும்னு தெரிஞ்சுதான பூசின?”

நான் அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். “எனக்கு எப்படிக்கா தெரியும்? நீங்கதான செவப்பு பூசுன்னு சொல்லிக் குடுத்தீய. அப்ப ஒங்களுக்குத் தெரியும்லா?”

அவள் முந்தானையால் கோழியின் கண்ணைத் துடைத்தாள். வளையல்கள் சத்தம் போட்டன. நான் ஜெயித்துவிட்டேன்.

“கண்ணு போச்சு” என்றாள் கடைசியில். “ஊனப்பட்டத அம்மனுக்குக் குடுக்கப்படாது.”

“வேற கோழி நேருங்க. பிள்ளை குடுக்க மாட்டேன்னா சொல்லிருவா அம்மன்?”

இதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று இன்று நினைக்கிறேனா? அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்காகத்தானே எல்லாம் செய்தேன். அவள் அழவில்லை. கோழியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“எனக்குப் பிள்ளை வேணும்னு நேந்தேன்னு ஒன்கிட்ட யாரு சொன்னா? ஒம்மவ ஆஸ்பத்திரில கண்ணு சொருகிக் கெடந்தால்லா, அன்னைக்கு நேந்தது. பிள்ளை எந்திரிச்சு நடந்தா இருக்குததுலயே நல்ல கோழியக் கொண்டாந்து குடுக்கேன்னு. வேண்டுனத வெளிய சொன்னா பலிக்காதுன்னு வாயத் தொறக்கல.”

எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, கோபம். இப்படி ஒன்றை மடியில் மறைத்து வைத்துக்கொண்டா அவள் என் கோழிக்குச் சிவப்புப் பூசச் சொன்னாள்? என் மகளுக்காக அம்மனிடம் கெஞ்சியவளும் அவள்தான், என் மகளின் முட்டையைக் கெடுத்தவளும் அவள்தான் என்றால் நான் எந்தப் பக்கம் நின்று அவளை வெறுப்பது? பத்து நாள் பொத்திப் பொத்தி வளர்த்த பழியை ஒரே வார்த்தையில் பிடுங்கிக்கொண்டாள்.

பிறகுதான் பயம் வந்தது. உள்ளே போய் மகளின் நெற்றியைத் தொட்டேன். சூடு இல்லை. அடுப்பு மூட்டிவிட்டு வந்து மறுபடி தொட்டேன். சோறு வடித்துவிட்டுத் தொட்டேன். சாயம் போகாத விரலைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு மறுபடி தொட்டேன். அம்மனுக்குச் சேர வேண்டியதை ஊனமாக்கியது என் கை. அவள் கணக்குக் கேட்டால் யாரிடம் கேட்பாள்?

விடிந்ததும் ஓர்ப்படியாளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. “அந்தத் துணியக் குடுங்க” என்றேன். வெள்ளையின் காலிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். மஞ்சளில் புதிதாக நனைத்து, என் கோழியின் காலில் கட்டினேன். பிடரியில் இறகு முளைத்தால் அதற்கு ஒரு ஊனமும் கிடையாது. கொடைக்கு அதுதான் போகும் என்று இரண்டு பேரும் தகரத்துக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்துக் கும்பிட்டோம்.

மூன்று வாரத்தில் இறகு முளைத்தது. முட்டையும் வந்தது. கொடை வரும் வரைக்கும் மகளுக்கு முட்டை உண்டு. அதன் பிறகு கோழி இல்லை. அவள் படியேறினாள், பிறகு ஓடினாள். என் கோழியின் நடையும் மாறிவிட்டது. அது தின்ற பிறகுதான் மற்றவை வாய் வைத்தன. வெள்ளைக்குக் கண் இல்லாத பக்கம் எது என்று அது எப்படியோ தெரிந்துவைத்திருந்தது. அந்தப் பக்கமாகவே போய்க் கொத்தும். வெள்ளை தண்ணீர்ச் சட்டிக்குப் போனால் கொத்தும். நிழலில் படுத்தால் கொத்தும்.

ஒரு நாள் காலை ஓர்ப்படியாள் பொறுக்கமாட்டாமல் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். ஓங்கினாள். நான் என் கோலி வாசலில், மகளுக்கு முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன்.

“நேந்த கோழிக்கா” என்றேன். “கை ஓங்காதீய.”

அவள் என் கோழியின் காலில் கட்டியிருந்த மஞ்சள் துணியைப் பார்த்தாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள். வெள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எட்டி எடுக்க முயன்றாள். அது என் பக்கம்தான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.