மணிக்குள் பஞ்சு

பூனைக்கு மணி கட்டுவது யார் என்று நம் ஊரில் காலங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்தின் வடக்கே நான் குடியிருக்கும் இந்த ஆலை ஊரில் அதற்கு விடை கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டுவது என் வீட்டுக்காரம்மா. சிவப்புப் பட்டையும் அதில் சுண்டைக்காய் அளவு மணியுமாக அவருடைய பூனை மாடிப்படி ஏறி வந்ததை முதல் நாள் பார்த்தபோது, உடனே கோவில்பட்டிக்கு ஒரு கடிதம் போட வேண்டும்போல் இருந்தது. குருவிகள் சத்தம் கேட்டுப் பறந்து தப்பிக்கட்டும் என்பதற்காகவாம். பூனைக்கு மீன் வாங்கிப் போடுகிறவர்கள் குருவிக்கும் நியாயம் பார்க்கிறார்களே என்று இந்தத் தேசத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது. அந்த மரியாதையோடுதான் மறுநாள் வேலைக்குப் போனேன்.

வேலை ஒரு முதியோர் விடுதியில். ஊரில் நர்ஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உண்மையில் கழுவுவது, துடைப்பது, உடுத்துவது, ஊட்டுவது. அங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு ஞாபகம் போய்விட்டது. ‘செனைல்’ என்று ஒரு சொல்லில் அவர்களுடைய கதையை முடித்துவிடுவார்கள். காலையில் எல்லோருடைய பல்செட்டையும் ஒரே பேசினில் போட்டு அலசி, கைக்கு வந்ததை வாயில் மாட்டிவிடுவார்கள். ஒரு வாரம் முழுக்க மிஸ்டர் ஹோல்ட் என்ற பெரியவர் யாரோ ஒரு அம்மாளின் பல்லால் சிரித்துக்கொண்டிருந்தார். அது பொருந்தவில்லை என்று அவரால் சொல்லவும் முடியவில்லை, சொல்வதற்கு வாய்தான் மூடவில்லை.

இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் ‘லவ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பஸ் கண்டக்டர் என்னை அப்படிக் கூப்பிட்ட அன்று நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிட்டேன். எங்கள் விடுதியில் மூத்த பணிப்பெண் பிரெண்டாவும் அப்படித்தான். “கையைத் தூக்கிக்கோங்க, லவ்” என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே, கிழித்த படுக்கைவிரிப்பால் மிஸ்டர் ஹோல்ட்டின் இடுப்பை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவார். முடிச்சு முதுகுப்பக்கம் இருக்கும். காலை ஏழு மணிக்குப் போட்ட கட்டை மதியச் சாப்பாட்டுக்குத்தான் அவிழ்ப்பார்கள். நனைத்துவிடுவார் என்று இடையில் டீயும் கிடையாது. மிஸ்டர் ஹோல்ட் வீடுவீடாக நிலக்கரி மூட்டை சுமந்து போட்டவர். எழுந்து எழுந்து இழுத்ததில் அவர் இடுப்பு கன்றிப்போயிருந்தது. “என் பெண்டாட்டி வந்தாளா?” என்று கேட்பார். “இப்போதுதான் வந்துவிட்டுப் போனாள், நீங்கள் தூங்கிவிட்டீர்கள்” என்று சொல்லி ஒருவருக்கொருவர் கண்ணடித்துக்கொள்வார்கள். அந்த அம்மாள் இறந்து பல வருஷம் ஆகிறது. அவர் அன்று முழுவதும் கண்ணைச் சிமிட்டாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிரெண்டாவிடம் ஒருநாள் கேட்டே விட்டேன். “ஏன் கட்ட வேண்டும்?”

“விழுந்தால் யார் பதில் சொல்வது? உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?”

“எங்கள் ஊரில் பெரியவர்களைக் கட்டிப்போட மாட்டோம்” என்று நிமிர்ந்து சொன்னேன்.

பிரெண்டா கொஞ்சம் யோசித்து, “அப்படியானால் உங்கள் ஊரில் நாற்காலி கிடையாதா?” என்று உண்மையான இரக்கத்தோடு விசாரித்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. என் பெரியப்பா மாட்டுத் தரகர். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறவர். அவர் கை பட்டால் காளை படியும் என்பார்கள். வயதாகி நினைவு தப்பிய பிறகு, விடிந்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நாகலாபுரம் சாலையில் இறங்கிவிடுவார். எப்போதும்வென்றான் கிராமத்தில் ஒரு சோடி காளை பார்த்து வைத்திருப்பதாகச் சொல்வார். அந்தக் காளைகள் நான் பிறப்பதற்கு முன்பே விலைபோனவை. கோவில்பட்டியை ஒட்டிய எங்கள் காட்டில் அப்போது பருத்தி வெடித்துக் கிடந்தது. எல்லோருக்கும் எடுப்பு வேலை. ஒரு நாள் எடுப்பைப் போட்டுவிட்டு அவரைத் தேடினால் இரண்டு நாள் வேலை கெடும். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. கன்றுக்குட்டியின் பழைய மணி ஒன்றை எடுத்து, பெரியப்பாவின் அரைஞாண் கயிற்றில் முதுகுப்பக்கமாகக் கோத்துக் கட்டிவிட்டேன்.

அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “எம்மவ மூளைய பாத்தியளா? இனி அண்ணாச்சி எங்கன போனாலும் நமக்குத் தெரிஞ்சுபோகும்” என்று காட்டில் எல்லோரிடமும் சொன்னார். பெரியப்பா நாலடி நடந்தார். மணி சத்தம் கேட்டு நின்றார். இன்னும் நாலடி நடந்தார். பிறகு என்னைப் பார்த்து, “எந்தச் சந்தைக்கு என்னைய ஓட்டுத, ஏட்டி?” என்று கேட்டார். பருத்தி எடுத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அந்த மூளையைத்தான் கப்பல் ஏற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறேன். சும்மா இருக்குமா? வீட்டுக்காரம்மாவிடம் உபரியாக இருந்த பூனை மணி ஒன்றைக் கேட்டு வாங்கினேன். பிரெண்டா சமையலறைக்குப் போன நேரம், மிஸ்டர் ஹோல்ட்டின் கட்டை அவிழ்த்து, கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரில் பின்பக்கமாக அந்த மணியைத் தைத்துவிட்டேன். அவர் எழுந்தார். நடைக்கூடத்தில் ஒவ்வொரு கதவாக நின்று, மூட்டையை இறக்குவதுபோல் தோளைச் சாய்த்து, அடுத்த கதவுக்குப் போனார். நான் எங்கே வேலையாக இருந்தாலும் அவர் இருக்குமிடம் காதில் விழுந்தது. பிரெண்டா முதல் நாள் முனகினார், இரண்டாம் நாள் சிரித்தார், மூன்றாம் நாள் கட்டுவதற்கே வரவில்லை. ஒரு வாரம் மிஸ்டர் ஹோல்ட் டீகூடக் குடித்தார். கோவில்பட்டி இங்கிலாந்தை ஜெயித்துவிட்டது என்று நான் மனதுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் விடுதித் தலைவியான மேட்ரன் அழைத்தார். அவர் முகம் மிளகாய்ப்பழம்போல் இருந்தது.

“மனிதனுக்குப் பூனை மணியா? இது கொடுமை என்று உனக்குத் தெரியவில்லையா?”

“கட்டிப்போட்டிருந்தார்களே, மேட்ரன்.”

“அது பாதுகாப்பு.”

“மணியும் பாதுகாப்புதான்.”

“அவருக்கு ஒரு கௌரவம் உண்டு. நீயே போய் அதைக் கழற்று. அறிக்கைப் புத்தகத்தில் உன் பெயர் ஏறும்.”

விடுதியில் முதியவர்களைக் கொடுமை செய்ததாக அந்த வருஷம் பெயர் பதிவான ஒரே ஆள் நான்தான். இதை நினைத்து இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, இவர்களுடைய கௌரவத்தைப் பற்றி ஊருக்கு என்னென்ன எழுதலாம் என்று வாக்கியம் அமைத்தபடி நடைக்கூடத்துக்குப் போனேன்.

மிஸ்டர் ஹோல்ட் நடந்துகொண்டிருந்தார். ஆனால் சத்தமே இல்லை. மணி அறுந்து விழுந்துவிட்டதோ என்று பின்னால் போய்ப் பார்த்தேன். இருந்தது. அதன் கீறலுக்குள் பஞ்சு திணித்திருந்தது. மாத்திரைப் புட்டியின் வாயில் அடைத்து வருமே, அந்தப் பஞ்சு. மூட்டை சுமந்து தடித்துப்போன விரல்களால், தோள்வாரை இறக்கி, எவ்வளவு நேரம் பாடுபட்டுத் திணித்தாரோ தெரியாது. நான் பார்த்துவிட்டதை அவர் பார்த்தார். “அவர்களிடம் சொல்லிவிடாதே, லவ்” என்றார்.

கத்தரிக்கோலைக் கீழே இறக்கினேன். ஏனென்றால் இதை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன். மணி கட்டிய மறுவாரமே பெரியப்பாவைக் காணவில்லை. சத்தத்தை நம்பி ஒருவரும் அவரை ஏறெடுத்துப் பார்த்திருக்கவில்லை. சாயங்காலம் நாகலாபுரம் சாலையோரம் ஒரு வரப்பில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தோம். அரைஞாணை முன்பக்கம் திருப்பி, மணியின் வாய் நிறைய எங்கள் காட்டுப் பருத்தியையே அடைத்திருந்தார். “கள்ளத் தரகு பாத்தியளா” என்று அப்பா சிரித்தார். பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு மணியை மறுபடி பின்னால் கட்டியது நான்தான், இந்த முறை முடிச்சை இறுக்கி. நான் கட்டுவதற்குத் தோதாகப் பெரியப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். என் பெயர் அவருக்கு மறந்திருந்தது. தான் மாடில்லை என்பது மறக்கவில்லை. அன்றைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. மறதி முற்றிவிட்டது என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம்.

மணியைக் கத்தரித்து எடுத்தேன். பிறகு அறிக்கைப் புத்தகத்தில் மேட்ரன் எழுதியதற்குக் கீழே, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ‘நான் மிஸ்டர் ஹோல்ட்டுக்கு மணி கட்டினேன். அது அவருக்கு வெட்கம்’ என்று எழுதினேன். மறுநாள் காலை, ‘மிஸ்டர் ஹோல்ட் ஏழு முதல் பன்னிரண்டு வரை கட்டப்பட்டிருந்தார். டீ தரவில்லை’ என்று எழுதினேன். அதற்கடுத்த நாளும் எழுதினேன். புகார் என்று ஒரு வார்த்தை கிடையாது, நடந்தது மட்டும்தான். பிரெண்டா என்னை லவ் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். இரண்டு வாரம் கழித்து, அந்தப் புத்தகத்தை மேலதிகாரிகளும் படிப்பார்கள் என்பது நினைவுக்கு வந்தோ என்னவோ, வேலை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து மிஸ்டர் ஹோல்ட்டை நடத்திக் கூட்டிப்போக மேட்ரன் எனக்கு அனுமதி கொடுத்தார். இப்போது காலையில் அவரைக் கட்டுவதில்லை. என் விடுமுறை நாளில் கட்டுகிறார்கள். மறுநாள் இடுப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதையும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கட்டுரையை இத்தோடு முடித்து, கொஞ்சம் தற்பெருமையோடு அனுப்பியிருப்பேன். போன மாதம் தம்பி சண்முகத்திடமிருந்து கடிதம் வந்தது. ‘அப்பாவுக்கு இப்பம் மறதி. விடியவும் பெரியப்பா மாதிரியே கெளம்பிருதாவ. நீ அன்னைக்குச் செஞ்சதத்தான் நாங்களும் செஞ்சிருக்கோம். அந்தப் பழைய மணியே பரண்ல கெடந்துச்சு. ஒரு தொந்தரவும் இல்ல, நீ கவலப்படாத.’ உடனே கழற்று என்று பதில் போட்டேன். அவன் கேட்டதிலும் தப்பில்லை: ‘அப்பம் காட்டு வேலைய விட்டுட்டு நாங்க அவிய பின்னாலேயே நடக்கணுமா? நீ அங்கன இருந்து சொல்லுவ.’ ஊருக்குத்தான் உபதேசம் என்று அவன் எழுதவில்லை, நானே சேர்த்துப் படித்துக்கொண்டேன்.

அதனால் கோவில்பட்டிப் பக்கத்தில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விடியற்காலையில் நாகலாபுரம் சாலையில் மணிச்சத்தம் கேட்டால் மாடு என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். அது என் அப்பாவாக இருக்கும். எங்கே போகிறீர்கள் என்று கேட்காதீர்கள், உடனே வீட்டுக்குத் திருப்பியும் விடாதீர்கள். கொஞ்ச தூரம் கூட நடங்கள். இங்கே விடிகிறபோது நானும் மிஸ்டர் ஹோல்ட்டின் கையைப் பிடித்து, இல்லாத நிலக்கரியை ஒவ்வொரு கதவிலும் இறக்கிக்கொண்டிருப்பேன். அப்பா நின்று, பக்கத்துக் காட்டில் வெடித்த பருத்தி ஒன்றை எட்டிப் பிடித்தால், தடுக்காதீர்கள். எட்டவில்லை என்றால் பறித்துக் கொடுங்கள்.